யாரையும் தெரியாமல் மருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர் தொடர்புகளை வளர்ப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் திருநெல்வேலிப் பக்கம் எம்.ஃபார்ம் முடித்த பெண். ஐதராபாத்தில் ஒரு ஜெனரிக் மருந்து நிறுவனத்தின் ஃபார்முலேஷன் ஆர் அண்ட் டி (மருந்தை மாத்திரையாக உருவாக்கும் ஆராய்ச்சி) பிரிவில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறார். குடும்பத்தில் இந்தத் துறையில் யாரும் இல்லை. "நெட்வொர்க்கிங் பண்ணு" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை. லிங்க்ட்இனில் 800 பேர் இருந்தும் அவசரத்துக்கு ஒரு வார்த்தை கேட்க ஒருவர்கூட இல்லை. கருத்தரங்குகளில் பேசக் கூச்சம், ஆங்கிலமும் தடுமாறுகிறது. கூடப் படித்தவர்கள் ரெகுலேட்டரி, அதாவது மருந்துக்கு அரசு அனுமதி வாங்கும் விண்ணப்ப வேலைப் பக்கம் போய்விட்டார்கள், நானும் மாறிவிடட்டுமா என்கிறார்.

தங்கச்சி, 19 வருடத்துக்கு முன்னால் நானும் இதே நிலையில்தான் ஐதராபாத்தின் ஜீடிமெட்லாவில் பஸ் இறங்கினேன். அதனால் நான் நடந்து பார்த்த வழியிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 800 பேரை மறந்துவிடுங்கள். உங்கள் லேபுக்கு ஒரு மாதத்தில் வந்து போகிறவர்களை எண்ணிப் பாருங்கள். அனலிட்டிகலில் உங்கள் சாம்பிளை ஓட்டுகிறவர், எக்சிபியன்ட் (மாத்திரையில் மருந்தோடு சேர்க்கும் துணைப் பொருள்) கம்பெனியிலிருந்து வரும் டெக்னிக்கல் ஆள், டேப்லெட் பிரஸ்ஸை சர்வீஸ் செய்ய வருகிறவர், தரம் பார்க்கும் க்யூ.ஏ.வில் உங்கள் பேட்ச் ரெக்கார்டைத் திருப்பி அனுப்புகிறவர், ஸ்டோர்ஸில் ஏபிஐ (மருந்தாக வேலை செய்யும் மூலப்பொருள்) எடை போட்டுத் தருகிறவர், பிளாண்ட்டில் மெஷின் ஓட்டுகிறவர். நம்மில் பலர் இவர்களைத் தொடர்பு என்றே நினைப்பதில்லை. எனக்கு வந்த நல்ல வாய்ப்புகளில் பாதி இந்த மாதிரி ஆட்கள் வழியாகத்தான் வந்தது.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் முதல் நிறுவனத்தில் எக்ஸிபிட் பேட்ச்சுக்குப் பெண்களைப் பிளாண்ட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. அமெரிக்காவில் விண்ணப்பிக்கும் முன் உற்பத்திக்கூடத்திலேயே, வழக்கமாக 1 லட்சம் மாத்திரைக்குக் குறையாமல் போட்டுக் காட்டும் பேட்ச் அது. இரவு ஷிஃப்ட் வரும், பஸ் இல்லை என்று காரணம் சொல்வார்கள். நாங்கள் லேபில் உருவாக்கிய மாத்திரையைக் கூட வேலை பார்த்த ஆண்கள் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்று முறை எழுத்தில் கேட்டேன், நான்காவது பேட்ச்சுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு மதியமே, அழுத்தும் அச்சான பஞ்ச்சில் மாத்திரை ஒட்ட ஆரம்பித்தது. எல்.ஓ.டி., அதாவது உலர்த்தியபின் மிஞ்சும் ஈரத்தின் அளவு, சரியாக இருக்கிறது, லூப்ரிகன்ட்டைக் கூட்டுவதா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கம்ப்ரஷன் ஆபரேட்டர் ஒருவர் தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்.ஓ.டி.க்கு சாம்பிள் எங்கேயிருந்து எடுத்தீர்கள் மேடம்?" ட்ரையரின் மேல் பகுதியில் ஒரே இடத்தில் எடுத்திருந்தோம். பெரிய எஃப்.பி.டி. ட்ரையரில் நடுவிலும் அடியிலும் ஈரம் தங்கிவிடும் என்றார். மறுபடி பல இடங்களில் எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி.

அன்றைக்கு அவர் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். பேட்ச் ரிப்போர்ட்டில் அந்த யோசனை யாருடையது என்று எழுதினேன். பண்டிகைக்கு ஒரு ஃபோன், எப்போதாவது ஒரு சந்தேகம், அவ்வளவுதான் பழக்கம். நாலு வருடம் கழித்து வேறொரு நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருந்த அவர்தான், "இங்கே டெக் டிரான்ஸ்ஃபருக்கு (லேபில் உருவாக்கியதைப் பிளாண்ட்டுக்குக் கொண்டுபோகும் வேலை) ஆள் தேடுகிறார்கள், பிளாண்ட் தெரிந்த ஆர் அண்ட் டி ஆள் வேண்டுமாம், உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்" என்றார். அந்த வேலை அப்போது எந்த விளம்பரத்திலும் வரவில்லை.

இது என் ஒருத்தியின் அதிர்ஷ்டம் இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973ல் வெளியிட்ட ஒரு ஆய்வுக் கட்டுரையில் இதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். பாஸ்டனுக்குப் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாக ஊழியர்களிடம், தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கும் ஆள் என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்போதாவது பார்ப்பவர் என்றார்கள், நாலில் ஒருவருக்கு மேல் வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்றார்கள். நெருங்கிய சிநேகிதிக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும், தூரத்தில் இருப்பவருக்குத்தான் உங்களுக்குத் தெரியாதது தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். 2022ல் லிங்க்ட்இனின் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு இதில் ஒரு திருத்தம் சொன்னது. முன்பின் தெரியாத ஆளால் பெரிய பயன் இல்லை, ஓரளவு அறிமுகமானவர்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார். உங்கள் 800 பேர் பயன்படாததற்குக் காரணம் இதுதான். அவர்களுக்கு உங்களைப் பற்றிச் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

ஆகவே தெலுங்கு கற்றுக்கொள்ளுங்கள். இதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆங்கிலம் வரவில்லை என்று கவலைப்படும் நம் பிள்ளைகள் தெலுங்கைப் பற்றி யோசிப்பதே இல்லை. பாச்சுபள்ளியிலோ பாஷமைலாரத்திலோ ஷாப் ஃப்ளோரில் மெஷினைப் பற்றிய உண்மை தெலுங்கில்தான் பேசப்படுகிறது. ஆறு மாதத்தில் பேச வந்துவிடும்.

அப்புறம், அந்த ஒரு வரிக்கு வருவோம். "அந்தப் பொண்ணா, அது இதில் கெட்டி" என்று உங்களைத் தெரிந்தவர் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். எதில் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "ஓரல் சாலிட்ஸில் (மாத்திரை, கேப்ஸ்யூல்) அனுபவம்" என்பது ஒரு வரி இல்லை, ஐதராபாத்தில் அது ஆயிரக்கணக்கானோருக்குப் பொருந்தும். இங்கே புதியவர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது: புதிதாக முளைத்த பிரச்சினையில் யாரும் சீனியர் கிடையாது.

நைட்ரோசமீன் என்ற, புற்றுநோய் வரவைக்கக்கூடிய மாசு பற்றிய விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூலையில் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தில் என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமீன் இருப்பது தெரிந்து உலகம் முழுக்க மருந்துகளைத் திரும்பப் பெற்றார்கள். முதலில் அது ஏபிஐ தயாரிப்பு முறையில் வந்த கோளாறு, நமக்கில்லை என்று ஃபார்முலேஷன்காரர்கள் பலரும் நினைத்தோம். 2019ல் ரானிடிடின் என்ற அசிடிட்டி மருந்திலும் அதே பிரச்சினை வந்தது. 2021ல், புகைப்பழக்கத்தை விட உதவும் வரெனிக்லின் மாத்திரையில், மருந்து மூலக்கூறே நைட்ரோசமீனாக மாறியிருப்பது தெரிந்தது. எக்சிபியன்ட்டில் மிகச் சிறிய அளவில் இருக்கும் நைட்ரைட், செகண்டரி அமீன் உள்ள மருந்தோடு மாத்திரைக்குள்ளேயே சேர்ந்துவிடலாம் என்பது அதற்குள் எல்லோருக்கும் உறைத்திருந்தது. அதன்பின் அது முழுக்க நம் வேலை. எந்த எக்சிபியன்ட்டில் நைட்ரைட் குறைவு, அஸ்கார்பிக் ஆசிட் சேர்த்தால் அடங்குமா, ஈரப்படுத்திக் குருணையாக்கும் வெட் கிரானுலேஷனை விட்டு நேரடிக் கம்ப்ரஷனுக்குப் போகலாமா என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் கேள்வி. 15 வருட அனுபவஸ்தரும் 2 வருட அனுபவஸ்தரும் ஒரே நாளில் படிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் குழுவில் அப்போது இரண்டே வருட அனுபவமுள்ள ஒரு பெண், வெளிவந்த வழிகாட்டல்களையெல்லாம் தேதி வாரியாக ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வைத்தார். மூன்றே மாதத்தில் துணைத் தலைவர்கள் அவர் இருக்கைக்கு வந்து சந்தேகம் கேட்டார்கள். அவர் யாரிடமும் போய்க் கை குலுக்கவில்லை.

உங்களுக்கு இன்றைக்கு எது அப்படி என்று நான் சொல்ல முடியாது. உங்கள் புராஜெக்ட்டில் உங்களைத் தூங்க விடாத ஒன்று இருக்குமே, அதை எடுங்கள். அதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் வார்னிங் லெட்டர்கள், புராடக்ட் ஸ்பெசிஃபிக் கைடன்ஸ், இன்ஆக்டிவ் இங்கிரீடியன்ட் டேட்டாபேஸ், பல நாடுகளுக்கும் பொதுவான மருந்து விதிகளை வகுக்கும் ஐசிஹெச்சின் க்யூ வரிசை ஆவணங்கள் என எல்லாம் இலவசமாகவே கிடக்கின்றன. தினம் அரை மணி நேரம் போதும்.

இதற்கு நடுவே ஒரு எச்சரிக்கை. இதை நான் நிதானமாகச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் தொடர்பு வளர்க்கப் போய் நல்ல பிள்ளைகள் விழும் பள்ளம் இதுதான். ஜெனரிக் தொழிலில் ரகசியம் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. அமெரிக்காவின் 1984 சட்டப்படி, ஒரு பேட்டன்ட்டை எதிர்த்து முதலில் முழுமையான விண்ணப்பம் போடும் ஜெனரிக் நிறுவனத்துக்கு 180 நாள் தனி உரிமை கிடைக்கலாம். ஆகவே நீங்கள் எந்த மூலக்கூறில் இருக்கிறீர்கள், எப்போது ஃபைல் செய்யப் போகிறீர்கள் என்பதே பெரும் பணம். டீக்கடையில் ரூம்மேட்டிடம் சொல்வதும், லிங்க்ட்இனில் "எக்ஸிபிட் பேட்ச் வெற்றிகரமாக முடிந்தது" என்று படம் போடுவதும் ஒன்றுதான், இரண்டும் தப்பு.

அப்படியானால் வெளியாட்களிடம் எதைத்தான் பேசுவது? நான் வைத்திருக்கும் விதி இது: மூலக்கூறு, மார்க்கெட், புராஜெக்ட்டின் கட்டம், வெண்டர் விலை, இந்த நாலும் வாயிலிருந்து வரக் கூடாது. பிரச்சினையின் அறிவியலைப் பேசலாம், அதையும் ஏற்கெனவே வெளியான ஆவணத்தையோ கட்டுரையையோ பிடித்துக்கொண்டு பேச வேண்டும். "எங்கள் மாத்திரை ஒட்டுகிறது" என்று தொடங்காதீர்கள். "லோகோ பொறித்த பஞ்ச்சில் ஒட்டுவதைக் குறைக்க எழுத்தின் கோணத்தை மாற்றலாம் என்று படித்தேன், நடைமுறையில் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இன்டர்வியூவிலும் இதே விதிதான். சில இடங்களில் உங்கள் தற்போதைய புராஜெக்ட்டைத் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். "அது ரகசியம் சார், அணுகுமுறையைப் பொதுவாகச் சொல்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்கிறவருக்கு நான் கூடுதல் மதிப்பெண்தான் போட்டிருக்கிறேன். நாளைக்கு என் ரகசியத்தையும் அவர் காப்பாற்றுவார் அல்லவா?

கருத்தரங்குகள் பற்றி. நீங்கள் ஐதராபாத்தில் இருப்பதே பாதி வசதி. ஹைடெக்ஸில் நடக்கும் அனலிட்டிகா லேப் கண்காட்சிக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். கிரேட்டர் நொய்டாவில் சிபிஹெச்ஐ, பிமெக் கண்காட்சிகள் பிரமாண்டமானவை. ஆனால் அங்கே வியாபாரம்தான் முதல், புதிதாக வந்தவர் தொலைந்துபோவார். சொந்தக் காசில் அங்கே போகாதீர்கள், நிறுவனம் அனுப்பினால் போங்கள். இந்தியன் ஃபார்மசூட்டிகல் காங்கிரஸில் தொழில்துறை ஆட்கள், பேராசிரியர்கள், மருத்துவமனை ஃபார்மசிஸ்ட்டுகள், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் எல்லோரும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். ஒரு டிரக் இன்ஸ்பெக்டரிடம் பயமில்லாமல் பேச அதைவிட நல்ல இடம் இல்லை. எனக்குப் பிடித்தவை ஒரே விஷயத்தைப் பற்றிய சிறிய கூட்டங்கள். மாத்திரை கரைவதைச் சோதிக்கும் டிஸ்சொல்யூஷனுக்கென்றே மும்பையில் தொடங்கிய எஸ்பிடிஎஸ் என்ற சங்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் 100 பேர் இருந்தாலும் அத்தனை பேரும் உங்கள் பாஷை பேசுவார்கள்.

கூச்சத்துக்கு ஒரு கைமருந்து. யாரைச் சந்திக்கலாம் என்று போகாதீர்கள், ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே கேள்வியை ஐந்து ஸ்டாலில் கேளுங்கள். ஐந்து பதிலும் வேறு வேறாக இருக்கும், ஐந்தாவது ஆளிடம் பேசும்போது நீங்கள் ஏற்கெனவே நாலு பதில் தெரிந்தவர். கூச்சம் தானாகவே குறையும். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிற விஞ்ஞானிகளும் தடுமாறித்தான் பேசுகிறார்கள், அவர்களை யாரும் குறைவாக எடை போடுவதில்லை.

பேசவே வேண்டாம், டைப் செய்தால் போதும் என்கிற இடமும் உண்டு. எஃப்டிஏவின் எஸ்பிஐஏ பிரிவு நடத்தும் வெபினார்கள் இலவசம், நம் நேரத்துக்குப் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ வரும். மேரிலாந்து, மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2020லிருந்து நடத்தும் காம்ப்ளெக்ஸ் ஜெனரிக்ஸ் ஆய்வு மையமும் பயிலரங்குகள் நடத்துகிறது. இன்ஹேலர், ஊசி மருந்து, தோல் மருந்துப் பக்கம் போக ஆசையிருந்தால் அதை விடாதீர்கள். கேட்டதை ஒரு பக்கத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ குறிப்பெழுதி, மறுநாள் உங்கள் குழுவுக்குப் பத்து நிமிடம் சொல்லிக்காட்டுங்கள். வெபினாரில் 2,000 பேர் இருந்திருக்கலாம், உங்கள் கட்டடத்தில் அதைச் சொன்னவர் நீங்கள் மட்டும்தான்.

லிங்க்ட்இனை விட்டுவிட வேண்டாம். ஆனால் "ஹாய் மேடம், ஏதாவது ஓப்பனிங் இருந்தால் சொல்லுங்கள்" என்று எனக்கு வாரத்துக்குப் பத்து செய்தி வருகிறது. அவற்றுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று எனக்கே தெரிவதில்லை. போன வருடம் ஒரு பையன் இப்படி எழுதினார்: "நீங்கள் கருத்தரங்கில் பேசியபோது ஸ்கேல் அப்பில் (பேட்ச்சைப் பெரிதாக்கும்போது) கிரானுலேஷன் முடியும் கட்டத்தை மோட்டாரின் பவரை வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். பழைய ஆர்.எம்.ஜி. மிக்ஸரில் ஆம்பியர் மீட்டர் மட்டும் இருந்தால் அதை நம்பலாமா?" நாலே வரி. அன்றைக்கே பதில் போட்டேன். அவர் இரண்டு வாரம் கழித்து, செய்து பார்த்தேன், இப்படி வந்தது என்று மறுபடி எழுதினார். அந்த இரண்டாவது செய்திதான் முக்கியம். உதவி கேட்பவர்கள் நிறைய, என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்பவர்கள் மிகக் குறைவு. அவர் பெயர் எனக்கு மறக்கவில்லை.

உங்கள் மேலாளரை ஒதுக்கிவிட்டு வெளியே தொடர்பு தேடாதீர்கள். போஸ்டர் போடுவதோ, கட்டுரை எழுதுவதோ, வெளியே பேசுவதோ எதுவானாலும் முதலில் அவரிடம் சொல்லி, நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வேலை மாறும்போதும் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, லேப் நோட்டுப் புத்தகங்களைக் கையெழுத்தோடு ஒப்படைத்துவிட்டுப் போங்கள். இந்த ஊரில் ஃபார்மா உலகம் சிறியது. இன்று உங்கள் ரிலீவிங் லெட்டரில் கையெழுத்துப் போடுகிறவர் அடுத்த நிறுவனத்தில் உங்கள் இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பார்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்சிகளை அண்டவே விடாதீர்கள். ஒழுங்கான மருந்து நிறுவனம் எதுவும் வேலைக்குப் பணம் வாங்காது. இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் தருகிறேன் என்கிறவர்கள் இன்னும் மோசம். டேட்டா இன்டெக்ரிட்டி என்று நாள்தோறும் பேசும் துறையில், பொய்யான ஒரு தாளோடு உள்ளே போனால் ஒவ்வொரு ஆடிட்டிலும் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

இனி ரெகுலேட்டரி கேள்வி. நல்ல வேலை, நேரமும் ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஆனால் ஃபார்முலேஷனிலிருந்து ரெகுலேட்டரிக்குப் போகும் கதவு எப்போதும் திறந்திருக்கிறது, திரும்பி வரும் கதவு குறுகல். ஒன்றரை வருடத்தில் நீங்கள் ஒரு மாத்திரையின் முழு வாழ்க்கையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். லேப் டிரையல், ஸ்கேல் அப், எக்ஸிபிட் பேட்ச், 40 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமுமான அறையில் ஆறு மாத ஸ்டெபிலிட்டி, அதற்கப்புறம் ஃபைலிங், எஃப்டிஏவிலிருந்து வரும் கேள்விகள். ஒரே ஒரு மருந்தோடு இத்தனையும் நடந்து முடியட்டும். இன்னும் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம். அதற்கிடையில் டாஸியரின் (அனுமதி கேட்டு அனுப்பும் ஆவணத் தொகுப்பின்) மூன்றாம் மாட்யூலில் பி.2 என்ற பகுதி, அதாவது இந்த ஃபார்முலாவுக்கு ஏன் வந்தோம் என்று விளக்கும் பகுதி, அதன் வரைவை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். ரெகுலேட்டரிக்காரர்கள் அதில் சிவப்பு மையால் திருத்துவார்கள். ஏன் திருத்தினார்கள் என்று போய் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு டாஸியருக்குப் பிறகு அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிடித்தால் உங்களை அங்கே இழுத்துக்கொள்ள அந்தப் பிரிவிலேயே ஆள் இருப்பார்கள். பிடிக்காவிட்டால், பி.2 எழுதத் தெரிந்த ஃபார்முலேஷன் விஞ்ஞானியாக இருந்த இடத்திலேயே மேலே போவீர்கள்.

உங்கள் அடுத்த ஸ்கேல் அப் பேட்ச் எப்போது என்று மட்டும் இந்த வாரம் கேட்டுவிடுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் எழுத்தில் கேளுங்கள்.